பதினோரு குழி, பத்துச் சத்தம்

1944 பிப்ரவரி 16, புதன்கிழமை, பகல் மணி பன்னிரண்டு நாற்பது. மருந்து வைத்த குழி பதினொன்று. காதில் விழுந்த வெடி பத்து.

இதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. நான் உன் அப்பா. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா சரோஜாவுக்கு இது ஏழாம் மாசம்; பொதட்டூர்பேட்டையில் தாய்வீட்டில் இருக்கிறாள். நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வேலையும், அதில் நாலு பேர் உன் சொல்லுக்குக் கட்டுப்படுகிற நிலைமையும் வந்த பிறகுதான் இதை உன்னிடம் கொடுக்கவேண்டும் என்று உறைமேல் எழுதப்போகிறேன். மகன் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மகளாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, சொல்லப்போவதில் ஒரு எழுத்தும் மாறாது. படிக்கிற அன்று நீ என்னைவிட மூத்தவனாகக்கூட இருக்கலாம். எனக்கு இப்போது இருபத்தேழு. மெட்ராசில் மூன்று வருஷம் ஓவர்சியர் படிப்புப் படித்தவன். அடுத்தவனுக்குப் புத்தி சொல்கிற வயது இல்லை. ஆனால் இன்று பொழுது சாயும்போது நான் இருப்பேனா என்பது நிச்சயமில்லாததால் இப்போதே சொல்கிறேன்.

நான் உட்கார்ந்திருப்பது திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற சாலையை ஒட்டிய ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில், தகரக் கொட்டகையில். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லிக்காக இந்தக் குன்றை உடைக்கிறோம், வேலைக்கு மேற்பார்வை நான். சண்டைக்காலம், எத்தனை வேகன் ஜல்லி அனுப்பினாலும் ரயில்காரர்களுக்குப் போதவில்லை. உடைக்கிற விதம் இது: ஒரு பெண் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, ஒரு ஆண் சம்மட்டியால் அடிப்பார். இரண்டு முழ ஆழத்துக்குக் குழி இறங்கும். அதில் வெடிமருந்துத் தோட்டாவை இறக்கி, திரியை விட்டு, களிமண்ணால் இறுக்கி அடைப்போம். திரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். அதனால் எல்லாம் ஒரேயடியாக வெடிக்காது. ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். மலைக்கோயிலில் உச்சிக்கால மணி ஓய்ந்ததும் மேஸ்திரி ரங்கய்யா திரிகளைக் கொளுத்திவிட்டு ஓடி வருவார். நாங்கள் தூரத்தில் நின்று சத்தத்தை எண்ணுவோம். பதினொன்று வைத்தால் பதினொன்று கேட்கவேண்டும். பத்துதான் கேட்டது என்றால் ஒரு குழி மருந்தோடு அப்படியே பாறைக்குள் இருக்கிறது. திரி ஈரமாகி உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து வெடிக்கலாம். வெடிக்காமலே கிடந்து, யாராவது கடப்பாரையை ஊன்றும்போதும் வெடிக்கலாம். இந்தப் பக்கத்தில் இதைத் 'தூங்குற குழி' என்கிறார்கள். ரங்கய்யாவின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. தூங்குற குழி ஒன்று கொண்டுபோய்விட்டது. "எண்றதுக்கு மூணு வெரலு போதும் சாரு, அதுக்கு மேல எண்ணத்தான் பட்ச்சவரு நீங்க கீறீங்களே" என்பார். இன்றைக்கு அந்தப் படித்தவன்தான் எண்ணினான்.

பயமாக இருக்கிறது. இதை உன் அம்மாவிடம் சொல்லமாட்டேன், ரங்கய்யாவிடமும் சொல்லமாட்டேன். உன்னிடம் சொல்லலாம், நீ கேட்பதற்குள் இருபது முப்பது வருஷம் ஓடியிருக்கும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாயிற்று. வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து ஒரு சில்லு உருண்டால்கூடப் பேனா நின்றுவிடுகிறது. பயம் வந்தவன் என்ன செய்வான் தெரியுமா? அவசரப்படுவான். சீக்கிரம் உள்ளே போய்ப் பார்த்துத் தொலைத்துவிட்டால் போதும் என்று கால் துறுதுறுக்கும். எனக்கு இப்போது துறுதுறுக்கிறது. அந்தக் காலைக் கட்டிப்போடத்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கும் என் அவசரபுத்தி வந்திருக்கும், அது ரத்தத்தில் இருக்கிறது. பயப்படு, தப்பில்லை. பயந்துகொண்டு ஓடாதே, பயந்துகொண்டு நில்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். நான் இங்கே வேலைக்கு வந்தபோது இவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழிக்கு எண் கிடையாது, பேர்தான். உளி பிடித்தவர் பேர் எதுவோ அதுதான் குழியின் பேர். சம்மட்டி அடிப்பவர் பேர் இல்லை. அடி தவறினால் நசுங்குவது உளி பிடித்த கைதான் என்பதால் அந்த மரியாதை. கன்னியம்மா குழி, எல்லம்மா குழி, சின்னப்பொண்ணு குழி. வெடிக்கும்போது அவரவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். தன் குழி வெடித்ததும் "என்து போச்சு!" என்று ஒரு கத்தல். நாள் முழுக்க உளியை அங்குலம் அங்குலமாகத் திருப்பினவளுக்குத் தன் குழி எந்த மூலையில், எந்தத் தினுசுப் பாறையில் இருக்கிறது, சத்தம் எப்படி வரும் என்று தெரியும். பதினோரு பேரும் கத்தி முடித்தால் உள்ளே போவார்கள். ஒருத்தி வாய் திறக்கவில்லை என்றால் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். கத்தலோடு கேலியும் சேர்ந்துகொள்ளும். "உன்து இன்னாடி, வெடியா, புருசன் தும்மலா?" "உன் புருசன் தும்மினா கூரை நிக்குமாடி?" இப்படி. எனக்கு எரிச்சல் வரும். இந்தக் கூச்சலில் என் எண்ணிக்கை இரண்டு தடவை தவறியிருக்கிறது.

ஐந்து வாரத்துக்கு முன் ரயில்வேயிலிருந்து ஒரு அதிகாரி பார்க்க வந்தார். வெடித்து முடிந்ததும் எத்தனை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரங்கய்யா முந்திக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்து, "இது குவாரியா, கல்யாணப் பந்தியா?" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: "நாளையிலிருந்து குழிக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். வெடிக்கும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது. நான் ஒருத்தன் எண்ணினா போதும்." பாறையில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் தாரால் என் கையாலேயே எண் எழுதினேன். கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஐயே, குழிக்கு எம் பேரு இருந்தா உங்களுக்கு எங்க சாரு நோவுது? பொறக்கப்போற உங்க புள்ளைக்கும் நம்பர்தான் போடப்போறீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். "உன் வேலையைப் பாரு" என்றேன். "வேலையத்தான் பாத்துகினு கீறோம். அத்த கேக்குறதும் வேலைதான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதை நான் அப்போது வாய்த்துடுக்கு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இதில் வெட்கப்படவேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. எண்ணுவது எப்படி என்பதைப் பற்றி இந்த வட்டாரத்தில் என்னைவிட அதிகம் யோசித்தவன் யாரும் இருக்கமுடியாது. என் அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றரை வருஷமாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: எந்த மொழிக்காரன் எண்ணிக்கை சொல்லும்போது எண்ணை முன்னால் வைக்கிறான், எவன் பொருளை முன்னால் வைக்கிறான் என்று. இதை ஆரம்பித்துவைத்தவர் இங்கே மருந்துக் கிடங்கு குமாஸ்தா சுப்பையா. ரங்கூனில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ஜப்பான்காரன் வந்தபோது காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர். தோட்டாவை எனக்கு எண்ணிக் கொடுக்கும்போது ஒருநாள் தன்னையறியாமல் பர்மாக்காரன் மாதிரி எண்ணினார். மூன்று ஆள் என்பதற்கு அங்கே 'லூ தோன் யவுக்'. லூ என்றால் ஆள், தோன் மூன்று, யவுக் என்பது ஆட்களை எண்ணும்போது எண்ணுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு சொல், ஒரு வால் மாதிரி. மாடு, நாய்க்கு வேறு வால், சாமியாருக்கு வேறு வால். ஆள் முதலில், எண் நடுவில், வால் கடைசியில். நான் தலைகீழாக இருக்கிறதே என்று சிரித்தேன். "இன்னா தலைகீழு? மளிகைக் கடைச் சீட்டுல நீங்க எப்படி எழுதுவீங்க?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எண்ணெய் ரெண்டு வீசை, உப்பு நாலு படி. பொருள், எண், அளவு. அப்படியே பர்மா வரிசை! வாயில் 'நாலு படி உப்பு' என்றும் சொல்கிறோம், சீட்டில் 'உப்பு நாலு படி' என்றும் எழுதுகிறோம். நம் வீட்டிலேயே இரண்டு வழியும் இருக்கிறது, இருபத்தைந்து வருஷம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பித்தாகிவிட்டது. ரங்கய்யாவிடம் கேட்டால், தெலுங்கில் மூன்று கல் என்பதற்கு 'மூடு', மூன்று மனுஷர் என்பதற்கு 'முக்குரு', எண்ணே வேறு. "கல்லையும் மனுசனையும் ஒரே எண்ணால எண்றதா சாரு? பாவம் வந்து சேரும்" என்றார். தெலுங்கைப் போலவே இந்துஸ்தானியிலும் இங்கிலீஷிலும் எண்தான் முன்னால். உன் மாமன் ஏகாம்பரம் பட்டாளத்தோடு மொம்பாசாவில் இருக்கிறான். அங்கே மூன்று ஆட்களை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதிக் கேட்டேன். பதில் வந்ததைப் பொதட்டூர்பேட்டை வீட்டில் சத்தமாகப் படித்தேன். 'வாத்து வதாத்து' என்று எழுதியிருந்தான், ஆட்கள் மூன்று, ஆள்தான் முன்னால் என்று. உன் அம்மாவின் அப்பா தறியை நிறுத்திவிட்டு, "வாத்தா? பட்டாளத்துல அவன வாத்து மேய்க்கவா வெச்சிகினு கீறான் வெள்ளைக்காரன்?" என்றார். "நைனா, நீங்க சும்மா இருங்க, படிக்கட்டும்" என்று உன் அம்மா அதட்டினாள், ஆனால் அவளாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. என் பட்டியலில் ஆறு மொழி சேர்ந்தது. எண் முன்னால் வருவது தமிழையும் சேர்த்து நாலு, பொருள் முன்னால் வருவது இரண்டு; ஆனால் தமிழை இரண்டு பக்கமும் போடலாம். ஆறு புள்ளியை வைத்து யாரும் கோடு இழுக்கக்கூடாது. படித்தவன் என்ற முறையில் எனக்கு அது தெரியும். இதற்குள் ஏதாவது விதி இருக்கிறதா, உலகத்து மொழிகளெல்லாம் எப்படிப் பிரிந்து நிற்கின்றன, ஏன் என்று உன் காலத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எனக்குத் தெரியவில்லை.

சுப்பையா இன்னொன்றும் சொன்னார். பர்மாவில் இருபது, முப்பது என்று முழு எண்ணாக வந்துவிட்டால் அந்த வரிசை மாறிவிடும். வால் முன்னால் போய், எண் கடைசிக்கு வந்துவிடும். நான் ஆர்வத்தில் அதைக் குறித்துக்கொண்டே, "உங்க கூட்டத்தில் எத்தனை பேர் கிளம்பினீங்க, எத்தனை பேர் வந்து சேந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஒரு உதாரணம் கிடைக்குமே என்று. அவர் எண் சொல்லவில்லை. பேர் சொல்ல ஆரம்பித்தார். மனைவி பேர், மனைவியின் தங்கை பேர், பக்கத்து வீட்டுக்காரர் பேர். சொல்லிக்கொண்டே போனார். நான், இதைப் படிக்கிற உன் அப்பன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மருந்து இறக்கவேண்டும் என்றேன். அவர் நிறுத்திக்கொண்டு தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவராக எதையும் சொன்னதில்லை. பட்டியல் போட்டவன் நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காதவனும் நான்தான்.

இது எனக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வேறு விதமாகச் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல். இரண்டு வருஷத்துக்கு முன் மெட்ராசில் குண்டு விழப்போகிறது என்று ஊரே காலி செய்தபோது நாங்களும் ரயில் ஏறினோம். கல்யாணமாகி நாலே மாசம். ஸ்டேஷனில் நிற்க இடமில்லை, குழந்தைகளை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டையை எண்ணினேன். மொத்தம் ஆறு. ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றி, உள்ளே போய் மறுபடி எண்ணி, ஆறும் சரி என்று மூச்சு விட்டேன். வண்டி நகர்ந்தது. எதிரில் இருந்த அம்மாள், "ஏம்பா, அந்தப் பொண்ணு உன்கூட வந்த பொண்ணுதானே?" என்று வெளியே காட்டினாள். உன் அம்மா கையில் தண்ணீர்க் கூஜாவோடு பிளாட்பாரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். கூஜா கீழே விழுந்து போயிற்று. அரக்கோணம் வரைக்கும் அவள் மூட்டைமேல் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "மூட்டை ஆறும் சரியா இருக்குதா? எடுத்துப் பாத்துக்கோங்க." இன்றுவரை வீட்டில் நான் எதை எண்ணினாலும் அவள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. நான் சிரித்து மழுப்புவேன். உண்மையில், அவள் ஓடி வந்தது எனக்கு அடிக்கடி கனவில் வருகிறது. கனவில் யாரும் கையை நீட்டுவதில்லை.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். உச்சிக்கால மணி ஓய்ந்தது, ரங்கய்யா கொளுத்திவிட்டு வந்தார், எல்லாரும் என் உத்தரவுப்படி வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் விரலை மடக்கி எண்ணினேன். பத்துக்குப் பிறகு காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. கன்னியம்மாவின் புருஷன் முனுசாமி, பழக்கத்தில், சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு உள்ளே வைத்துவிட்டான். "நில்லுடா!" என்று கத்தினேன், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்துதான் ஆச்சு என்றதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எந்தக் குழி? நான் தாரில் எழுதிய எண்களைத் தேடினேன். அவை எழுதியிருந்த பாறையே உடைந்து குவியலாகக் கிடக்கிறது. ஒரு துண்டில் 4 தெரிகிறது, இன்னொன்றில் பாதி 9. பேரும் இல்லை, எண்ணும் இல்லை. எல்லாரையும் சாலைக்கு அந்தப் பக்கம் புங்கமர நிழலுக்கு அனுப்பிவிட்டு நான் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இவ்வளவு பக்கம் எழுதிவிட்டேன், இன்னும் ஒரு காரியம் செய்யவில்லை. அவர்களைக் கேட்கவில்லை. குழியைப் பார்த்து ஒரு பயம் என்றால், அந்த மரத்தடிக்குப் போய், "நான் வாயை மூடச் சொன்னது தப்பு, உங்களுக்கு என்ன கேட்டது?" என்று கேட்பது இன்னொரு பயம். இதில் இரண்டாவதுதான் பெரியதாக இருக்கிறது என்று எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மணி ஒன்றே முக்கால். போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

மணி இரண்டு இருபத்தைந்து. கேட்டேன். கன்னியம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க வாயைத்தானே மூடிகினு இருக்கச் சொன்னீங்க சாரு. காதையுமா மூடிகினோம்?" இந்த ஐந்து வாரமும் ஒவ்வொருத்தியும் மனசுக்குள் தன் குழிக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கத்த மட்டும் இல்லை. ஒன்பது பேர் தங்களுடையது போய்விட்டது என்று சத்தியம் செய்கிறார்கள். பாக்கி இருப்பவர்கள் கன்னியம்மாவும் எல்லம்மாவும். இரண்டு பேரும் ஏழாவது வெடி தன்னுடையது என்கிறார்கள்.

"என்து மேட்டுல கீது, கணீர்னு வரும். கணீர்னுதான் வந்துது" என்றாள் கன்னியம்மா.

"போடி, என்து அடியில கீது, வயித்துல வந்து இடிக்கும். எனுக்கு இடிச்சிது" என்றாள் எல்லம்மா.

"நேத்து தின்ன கூழு இடிச்சிருக்கும்."

"உன் காதுல அழுக்கு அடைச்சிகினு கீது, மொதல்ல அத்த எடு."

கத்துகிற வழக்கம் இருந்திருந்தால் ஏழாவதுக்கு இரண்டு குரல் ஒரே சமயம் எழும்பியிருக்கும். அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். இப்போது ஒன்றரை மணி நேரம் கழித்து, ஞாபகத்தில் இருக்கும் ஒரு சத்தத்துக்காக இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ரங்கய்யா இரண்டு பேரையும் அடக்கிவிட்டுச் சொன்னார்: "கணீர்னும் வந்து, வயித்துலயும் இடிச்சா, ரெண்டும் சேந்தே போயிருக்கும் சாரு. தூங்குறது ஒண்ணும் இல்ல." இருக்கலாம். திரி இரண்டும் பக்கத்துப் பக்கத்து நீளம். ஒரே சமயத்தில் எரிந்து முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதாலேயே அந்தக் கணக்கை நான் நம்பமாட்டேன். பதினோரு இடத்தில் எங்கே என்று தெரியாமல் இருந்தது, இரண்டு இடமாகச் சுருங்கியிருக்கிறது. அதுவே பெரிய விஷயம். அதைச் சுருக்கியது என் படிப்பு இல்லை.

இதற்கு நடுவில் காண்டிராக்டரின் ஆள் சைக்கிளில் வந்து நின்றான். வேகன் ஐந்து மணிக்குப் போய்விடும், என்ன உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றான். நேற்று வரைக்கும் இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். "நீங்க போய் எடுத்துக்கினு வாங்க, நான் இங்க நின்னு பாக்குறேன்" என்று கடப்பாரையை நீட்டினேன். போய்விட்டான். பிறகு ரங்கய்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒத்து, வேணா சாரு, நீங்க வராதீங்க. எனுக்கு வயசாயிப்போச்சு. உங்க ஊட்ல புள்ள வரப்போவுது. நா போறேன்" என்றார். எனக்கு உடனே சரி என்று சொல்லவேண்டும் போல இருந்தது. இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். சரி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, உன்னைக் காரணம் காட்டிக்கொண்டு. ஆனால் உன் பேரைச் சொல்லி இன்னொரு மனுஷனை உள்ளே அனுப்பினால், பிறகு உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். இரண்டு பேரும் போகிறோம் என்றேன். "நீங்க சொன்னா கேக்கமாட்டீங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நீ நாலு பேருக்கு மேலே உட்காரும் நாள் வரும். அன்றைக்கு உன் காதில் விழுகிற சத்தமெல்லாம் உனக்கு இடைஞ்சலாகத் தோன்றும். நீ சொல்வதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வாய். நான் ஐந்து வாரம் அப்படி நினைத்தேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள நீயும் ஒரு பாறைக்கு எதிரில் உட்காரவேண்டாம். நான் திரும்பி வந்தால் இதையே நேரில் சொல்லி உன்னைச் சலிக்க வைப்பேன். வராவிட்டால், உன் அப்பன் அவசரக்காரன், ஆனால் கடைசி நாளில் ஒரு இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்.

இனி செய்யப்போவதை வரிசையாக எழுதிவிடுகிறேன்; எழுதினால் அதன்படி செய்வேன்.

1. இந்தக் கடிதத்தைச் சுப்பையாவிடம் கொடுப்பேன். சாயங்காலம் நான் வந்து கேட்டால் என்னிடம் தரவேண்டும். வராவிட்டால் அவர் கையாலேயே பொதட்டூர்பேட்டையில் சேர்க்கவேண்டும், தபாலில் போடக்கூடாது.

2. சாலையில் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி. பஸ்ஸோ மாட்டுவண்டியோ வந்தால் முனுசாமி நிறுத்திவைப்பான்.

3. மரத்தடியில் இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்புவேன்.

4. மூன்று மணிக்கு நானும் ரங்கய்யாவும் உள்ளே போவோம். கையில் இரும்பு கூடாது. உடைந்த கல்லைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைப்போம். முதலில் மேட்டுக்குழி, பிறகு அடிக்குழி.

5. திரியின் முனை கண்ணில் பட்டால் தொடமாட்டேன், இழுக்கமாட்டேன். பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்து தண்ணீர் குடிப்போம்.

6. அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அதே சாய்வில், புதிதாக ஒரு குழி. சம்மட்டி ரங்கய்யா. உளி நான் பிடிப்பேன். இதுவரை பிடித்ததில்லை, எப்படித் திருப்புவது என்று போகும் வழியில் கன்னியம்மாவைக் கேட்டுக்கொள்வேன்.

7. மருந்து வைத்து, எல்லாரும் விலகி, கொளுத்தி, இரண்டும் சேர்ந்து போகிற வரைக்கும் காத்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும்.

8. அது முடிந்தால் குளித்துவிட்டு, கடைசிப் பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டைக்கு வருவேன். வாரத்தின் நடுவில் எதற்கு வந்தீர்கள் என்று உன் அம்மா கேட்பாள். சும்மா வந்தேன் என்பேன்.